கையில் சேமிப்பு குறைவா? டர்பன் பக்கம் முதல் வீடு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் வீடு எப்போது வாங்கப் போகிறாய் என்று கேட்டால் முதலில் வரும் பதில் "டெபாசிட்டுக்குக் காசு இல்லை" என்பதுதான். ஆனால் பல பேருக்கு உண்மையான தடை டெபாசிட் இல்லை. மாதச் சம்பளமும் சுத்தமான கடன் வரலாறும் இருந்தால், முதல் வீடு வாங்குகிறவருக்கு விலை முழுவதையும் பாண்டாக, அதாவது வீட்டுக் கடனாக, கொடுக்கும் வங்கிகள் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன. ஆளைத் தடுமாற வைப்பது வேறு இரண்டு விஷயம். பாண்டுக்குள் அடங்காத ரொக்கச் செலவு ஒன்று, வீட்டின் காகிதங்கள் இன்னொன்று. இந்த இரண்டையும் வீடு பார்க்கப் போவதற்கு முன்னாலேயே சரி செய்துகொண்டால் மீதி எல்லாம் பொறுமைதான்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் மாதிரி இடங்களில் 12 லட்சம் ரேண்டுக்குள் தேடுகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா, பிரிட்டோரியா பக்கத்து லாடியம் ஆட்களுக்கும் சட்டம் இதேதான், பத்திரம் பதிகிற ஊர் மட்டும் மாறும்.

முதலில் ரொக்கக் கணக்கு

8 லட்சம் ரேண்ட் வீடு என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பர் டியூட்டி என்கிற அரசு வரி உங்களுக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ரேண்ட் வரை அந்த வரி பூஜ்யம், அதற்கு மேல் போகிற தொகைக்கு 3 சதவீதத்தில் தொடங்கும். 12 லட்சத்து 30 ஆயிரம் சொல்கிற வீட்டை 12 லட்சத்து 10 ஆயிரத்துக்குப் பேசி முடித்தால் அந்த 20 ஆயிரத்தோடு வரி 600 ரேண்டும் மிச்சம், அவ்வளவுதான். வரியை நினைத்து ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். பில்டரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கினால் டியூட்டிக்குப் பதில் 15 சதவீத வாட், அது பெரும்பாலும் சொல்லும் விலைக்குள்ளேயே இருக்கும், ஆனாலும் "வாட் சேர்த்தா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வரி இல்லை என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வக்கீல் இருக்கிறார், அதுவும் இரண்டு பேர். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுகிற வக்கீல் ஒருவர். இவரை வழக்கமாக விற்கிறவர்தான் தேர்ந்தெடுப்பார், பில் மட்டும் உங்களுக்கு வரும். வங்கியின் சார்பில் பாண்டைப் பதிகிற வக்கீல் இன்னொருவர், அவருடைய பில்லும் உங்களுக்குத்தான். 8 லட்சம் வீட்டுக்கு இந்த இரண்டு பில்லும் பத்திர அலுவலகக் கட்டணமும் சேர்ந்தாலே 50 ஆயிரத்தைத் தாண்டிவிடும். வங்கி கடன் தொடங்குவதற்கு என்று ஒரு கட்டணம் வாங்கும், அதற்குச் சட்டப்படி உச்சவரம்பு வாட்டோடு 6,037.50 ரேண்ட். அப்புறம் முனிசிபாலிட்டியில் தண்ணீர், மின்சாரக் கணக்குக்கான டெபாசிட், சாமான் ஏற்றுகிற லாரி, பூட்டு மாற்றுவது, காப்பீடு. என் கணக்கில் 8 லட்சம் வீட்டுக்கு 75 ஆயிரம் ரொக்கமாகக் கையில் இல்லாமல் இறங்க வேண்டாம். சில வங்கிகள் முதல் வீட்டுக்காரருக்கு இந்தச் செலவையும் சேர்த்து விலைக்கு மேலேயே கடன் தரும். கிடைத்தால் வாங்கலாம், ஆனால் வக்கீல் பில்லுக்கு 20 வருடம் வட்டி கட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

கடன் வரலாறு

டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்க உரிமை இருக்கிறது. வீடு வாங்க நினைக்கிற தேதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே வாங்கிப் பாருங்கள். துணிக்கடை அக்கவுண்ட், ஃபோன் கான்ட்ராக்ட், கல்லூரி நாளில் மறந்துபோன ஜிம் கட்டணம், இந்த மாதிரிச் சில்லறைதான் அங்கே கறையாக உட்கார்ந்திருக்கும். தப்பாக ஏறியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், அது சரியாக நாள் எடுக்கும், அதனால்தான் ஆறு மாதம் என்கிறேன். கடனே வாங்காதவருக்கு வேறு பிரச்சினை: வங்கிக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு சின்ன அக்கவுண்டைத் திறந்து மாதா மாதம் நேரத்துக்குக் கட்டி ஒரு தடம் உண்டாக்குங்கள்.

கார் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் சம்பளம் வந்ததும் கார் எடுக்கிறோம். மாதம் 5,000 ரேண்ட் கார் தவணை என்பது இன்றைய வட்டியில் ஏறக்குறைய 5 லட்சம் ரேண்ட் பாண்டுக்கான தவணை. வங்கி உங்கள் கொள்ளளவைப் பார்க்கும்போது அந்த 5 லட்சம் அப்படியே கழிந்துபோகும்.

மாதம் எவ்வளவு தாங்கும்

வங்கிகளின் பொதுவான அளவுகோல், பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் தவணை இருக்க வேண்டும் என்பது. 8 லட்சத்துக்கு 20 வருடம், 10.5 சதவீத வட்டியில், தவணை சுமார் 7,990 ரேண்ட். அப்படியானால் சம்பளம் 26,600 பக்கம் வேண்டும். இதோடு ரேட்ஸ் என்கிற முனிசிபாலிட்டி சொத்து வரி, தண்ணீர், காப்பீடு, ஃபிளாட் என்றால் லெவி என்கிற மாதப் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் தனி.

இங்கே வட்டி பெரும்பாலும் நிலையானது இல்லை, பிரைம் என்று வங்கிகள் அடிப்படையாக வைக்கும் வட்டியோடு ஏறி இறங்கும். 2020 ஜூலை தொடங்கி 2021 நவம்பர் வரை பிரைம் 7 சதவீதம். 2023 மே மாதத்தில் அது 11.75க்குப் போய் 2024 செப்டம்பர் வரை அங்கேயே நின்றது. 2025 நவம்பரில் 10.25க்கு இறங்கியது. 8 லட்சம் கடனுக்கு 7 சதவீதத்தில் தவணை சுமார் 6,200, 11.75இல் சுமார் 8,670. மாதம் ஏறக்குறைய இரண்டரை ஆயிரம் வித்தியாசம், அதுவும் மூன்று வருடத்துக்குள். 2020இல் வட்டி மலிவு என்று கழுத்து வரை வாங்கியவர்கள் எத்தனை பேர் 2023இல் திணறினார்கள் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். அதனால் இன்றைய வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம் சேர்த்துக் கணக்குப் போட்டு, அந்தத் தவணையை இப்போதிருந்தே வாடகை போக மீதிப் பணத்தில் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நாலைந்து மாதம் வலிக்காமல் போட முடிந்தால் அந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படி ஆகும். போட்ட பணம் வக்கீல் பில்லுக்கும் ஆச்சு.

அரசு உதவி உண்டு, நம்மவர்கள் கேட்பதில்லை

முன்பு ஃப்ளிஸ்ப் என்று சொன்ன திட்டத்துக்கு இப்போது ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் என்று பெயர். தேசிய வீட்டு நிதிக் கழகம் நடத்துகிறது. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 3,501 முதல் 22,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும், முன்னால் வீடு வைத்திருக்கக் கூடாது, அரசு வீட்டு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் வந்த அளவுப்படி 38,911 ரேண்டிலிருந்து 1,69,265 ரேண்ட் வரை கிடைக்கும், வருமானம் குறைவாக இருந்தால் தொகை கூடும். இது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை.

ஒரு நிபந்தனை இளைஞர்களைத் தடுக்கிறது: கல்யாணம் ஆனவராகவோ துணையோடு சேர்ந்து வாழ்பவராகவோ இருக்க வேண்டும், தனி ஆள் என்றால் உங்களை நம்பி வாழ்பவர் யாராவது இருக்க வேண்டும். பிள்ளை மட்டும்தான் கணக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அம்மாவோ ஆயாவோ உங்கள் சம்பளத்தில் உங்களோடு இருந்தால் அதைச் சொல்லி, என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள்.

வேலையிடத்து ஓய்வூதிய நிதியையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வந்த இரண்டு பானை முறையில், சேமிப்புப் பானையிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். எடுக்கிற பணம் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வருமான வரிக்கு உட்படும் என்பதால் கைக்கு வருவது குறைவுதான். வக்கீல் பில்லில் கொஞ்சம் குறைகிறதென்றால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் எல்லாம் இனவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டக் காலத்தில் கவுன்சில் கட்டிக்கொடுத்த ஊர்கள். சின்ன வீடாகக் கட்டினார்கள், குடும்பம் பெருகப் பெருக நம் ஆட்கள் முன்னாலும் பின்னாலும் சேர்த்துக் கட்டினார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றால் பின்னால் ஒரு அறை, மீன் கறியும் நண்டும் சமைக்க வெளிச்சமையல்கட்டு, வாடகைக்கு விட ஒரு கிரானி ஃபிளாட். இதில் எவ்வளவுக்கு முனிசிபாலிட்டி ஒப்புதல் வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. 1977ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒப்புதல் பெற்ற வரைபடம் வேண்டும். விற்கிறவரிடமோ ஈத்தெக்வினி என்கிற டர்பன் முனிசிபாலிட்டியிலோ வரைபடத்தின் நகலை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். வரைபடத்தில் மூன்று அறை, ஒரு குளியலறை. நேரில் ஐந்து அறை, தகரக் கூரை போட்ட வராண்டா, மதிலோடு ஒட்டிய வெளிச்சமையல்கட்டு என்று இருந்தால், விலை எதற்கு என்பதை அங்கேயே யோசிக்க வேண்டும். மதில் வரை நெருக்கிக் கட்டியதைப் பின்னால் ஒப்புதலுக்குக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டார் சம்மதம், வரைபடம் போடுகிறவர் செலவு, சில நேரம் இடிப்பு வரை போகும். "இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை" என்று ஏஜென்ட் சொல்வார். கேட்கிற நாளில் வீடு உங்கள் பெயரில் இருக்கும். ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்ற நிபந்தனை இருந்தால், ஒப்புதல் இல்லாத கட்டடம் என்கிற குறைக்கும் விற்கிறவர் பொறுப்பில்லை என்று 2008இலேயே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்கிறவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் நீங்கள் தப்பலாம், அது லேசான வேலை இல்லை.

அடுத்தது பத்திரம் யார் பெயரில். தாத்தா பெயரில் வீடு, தாத்தா காலமாகி 15 வருடம், அதில் இருக்கிற சித்தப்பா விற்கிறார்: இந்தக் கதை நம் பக்கத்தில் சகஜம். இறந்தவர் பெயரில் உள்ள வீட்டை விற்க, உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த எக்ஸிக்யூட்டருக்குத்தான், அதாவது இறந்தவரின் சொத்தைத் தீர்த்துவைக்கும் நிர்வாகிக்குத்தான், அதிகாரம். அந்த நியமனக் கடிதத்தைக் காட்டாதவரிடம் ஒரு ரேண்ட் கூட முன்பணம் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தால் இன்னும் கண்டிப்பாக. கடிதம் இருந்தாலும் அந்தச் சொத்தைத் தீர்க்கும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். பத்திர அலுவலகத்தின் தேடலில் சில்லறைச் செலவில் உரிமையாளர் பெயரும் வீட்டின் மேல் உள்ள பாண்டும் தெரிந்துவிடும், ஏஜென்ட் சொல்வதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இனி வீடு. மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பதுதான் உத்தமம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சரிவுகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், டொங்காட்டில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையமே போய் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சரிவில் உள்ள வீட்டில் பின்னால் மண்ணைத் தாங்குகிற சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா, மேல் வீட்டு மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அறையில் மட்டும், அதுவும் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் பின்னால் ஈரம் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையை வைத்தால் சில்லென்று தெரியும். பழைய கவுன்சில் வீட்டில் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைக் கழற்றப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வேண்டும், நம்ம தெரு பையன் போதாது, அந்தச் செலவை விலையில் கேளுங்கள். இரட்டை வீடு என்றால் பக்கத்து வீட்டாரைப் பாருங்கள். சுவரும் கூரையும் சில இடத்தில் கழிவுநீர்க் குழாயும் பொது, மனுஷன் எப்படி என்பது முக்கியம்.

ஃபிளாட் என்றால் வேறு கதை. பாடி கார்ப்பரேட் என்கிற ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் கடைசி நிதி அறிக்கை, கூட்டக் குறிப்பு, ரிசர்வ் நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் லெவி பாக்கி, இதைக் கேட்டு வாங்குங்கள். லெவி குறைவு என்று சந்தோஷப்பட வேண்டாம். ரிசர்வ் காலியாக இருந்தால் லிஃப்ட் நின்ற அன்று சிறப்பு லெவி வரும்.

புது வீடு என்றால், வீடு கட்டுவோரைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எச்.பி.ஆர்.சியில் பதிவு கட்டாயம். அடித்தளம், சுவர் மாதிரிப் பெரிய கட்டுமானக் குறைக்கு 5 வருடம், கூரை ஒழுகலுக்கு 1 வருடம், மற்ற வேலைக் குறைகளுக்கு 3 மாதம் பில்டர் பொறுப்பு. அந்த 3 மாதத்துக்குள் கதவு இடிப்பது, டைல் எழும்புவது எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆஃபர் கையெழுத்து

ஆஃபர் டு பர்ச்சேஸ் என்று ஏஜென்ட் நீட்டுகிற காகிதத்தை வெறும் விண்ணப்பம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். விற்கிறவரும் கையெழுத்திட்டதும் அதுதான் ஒப்பந்தம். மனம் மாறினால் 5 நாளில் திரும்ப வாங்கலாம் என்று சொல்வது இரண்டரை லட்சம் ரேண்ட் வரையான வீட்டுக்கு மட்டும், நீங்கள் வாங்கப் போவதற்கு இல்லை.

அதனால் கையெழுத்துக்கு முன் இவை எழுத்தில் இருக்க வேண்டும். இத்தனை ரேண்ட் பாண்ட் இத்தனை நாளுக்குள் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்கிற நிபந்தனை. எல்லாக் கட்டடத்துக்கும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை விற்கிறவர் தர வேண்டும் என்கிற நிபந்தனை. மின்சாரச் சான்றிதழ், கடற்கரைப் பக்கம் என்பதால் கரையான், வண்டுச் சான்றிதழ், கேஸ் அடுப்பு இருந்தால் அதற்கும் ஒன்று, எல்லாம் விற்கிறவர் செலவில். கீசர், கர்ட்டன் கம்பி, வெளியே நிற்கும் தண்ணீர்த் தொட்டி எது வீட்டோடு வரும் என்பதும் எழுதட்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, விற்கிறவர் தனக்குத் தெரிந்த குறைகளைப் பூர்த்தி செய்து கையெழுத்திட்ட படிவம் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஏஜென்டிடம் செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழை, அதாவது அவர் தொழில் செய்வதற்கான உரிமத்தை, காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் வேறு ஏஜென்ட்.

கல்யாணம் செய்யப் போகிறவர்கள் கவனிக்க: பதிவுத் திருமணத்துக்கு முன் வக்கீலிடம் தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால் சொத்தும் கடனும் தானாகவே இருவருக்கும் பொது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினால், ஒருவர் கட்டாமல் போனாலும் வங்கி முழுத் தவணையையும் மற்றவரிடம் கேட்கும். யார் எவ்வளவு போட்டார், ஒருவர் விலகினால் விலை எப்படி என்று ஒரு பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், பரவாயில்லை.

பாண்ட் விண்ணப்பம்

சம்பளம் வருகிற வங்கியில் மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். ஊபா, பெட்டர்பாண்ட் மாதிரியான தரகு நிறுவனங்கள் ஒரே விண்ணப்பத்தைப் பல வங்கிக்கு அனுப்பும், அவர்களுக்குக் கூலி வங்கி தரும், உங்களுக்குச் செலவில்லை. அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். வட்டியில் அரை சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். 8 லட்சத்துக்கு 10.5க்கும் 11க்கும் மாதம் 270 ரேண்ட் வித்தியாசம், 20 வருடத்தில் 64 ஆயிரத்துக்கு மேல். ஒரு வங்கி கொடுத்த வட்டியை இன்னொரு வங்கியிடம் காட்டிப் பேரம் பேசலாம், தப்பே இல்லை.

30 வருடத் தவணைக்கு ஆசைப்படாதீர்கள். அதே 8 லட்சத்துக்கு மாதம் 670 ரேண்ட் குறையும், மொத்தத்தில் 7 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

பதிவு வரை

பாண்ட் கிடைத்த பிறகு பத்திரம் பதிய இரண்டு மூன்று மாதம் ஆகும். விற்கிறவரின் பழைய பாண்டை ரத்து செய்வது, பாக்கி இல்லை என்று முனிசிபாலிட்டி தரும் ரேட்ஸ் கிளியரன்ஸ், வரித் துறை ரசீது எல்லாம் வந்து, குவாசுலு-நட்டாலுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அந்த நாளை வக்கீலே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகையால் ஜோசியரிடம் நாள் குறிப்பது பால் காய்ச்சுவதற்கு மட்டும் இருக்கட்டும். பதிவு புரட்டாசியில் விழுந்தால் விழட்டும், குடிபோவதை ஐப்பசிக்குத் தள்ளிக்கொள்ளலாம். இதற்கிடையில் புது ஃபோன் கான்ட்ராக்ட், ஃபர்னிச்சர் தவணை எதுவும் வேண்டாம். பதிவுக்கு முன்பே குடியேறினால் விற்கிறவருக்கு வாடகை உண்டு, ஆஃபரில் அந்தத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. வக்கீல் அனுப்பியது போலவே மின்னஞ்சல் வரும், வங்கிக் கணக்கு எண் மட்டும் திருடனுடையதாக இருக்கும். இப்படி 55 லட்சம் ரேண்டை இழந்த ஒருவர் வழக்குப் போட்டு, 2024இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். கணக்கைச் சரிபார்த்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. மின்னஞ்சலில் உள்ள நம்பருக்கு இல்லாமல், நீங்களே தேடி எடுத்த அலுவலக நம்பருக்கு ஃபோன் போட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.

சாவி வந்த பிறகு

முனிசிபாலிட்டியில் கணக்கு உங்கள் பெயரில் திறந்ததா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் பாக்கியை உங்களிடம் கேட்டால், 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் புது உரிமையாளருக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பளித்ததைச் சொல்லி எழுத்தில் பதில் கொடுங்கள். கட்டடக் காப்பீட்டை வங்கி காட்டுகிற நிறுவனத்திலேயே எடுக்க வேண்டியதில்லை, விலை விசாரித்து மாற்றலாம்.

தவணையோடு மாதம் 500 ரேண்ட் கூடப் போட முடிந்தால் போடுங்கள். 8 லட்சம், 10.5 சதவீதக் கணக்கில் 20 வருடக் கடன் 16 வருடம் 8 மாதத்தில் முடியும், 2 லட்சத்து 20 ஆயிரம் ரேண்ட் பக்கம் மிச்சம். வட்டி இறங்கும்போது வங்கி தவணையைக் குறைத்துக் கடிதம் அனுப்பும். பழைய தவணையையே தொடர்ந்து கட்டுகிறேன் என்று பதில் அனுப்பினால் அந்த 500 பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.